ஓட்டத்துக்கு ஒரு துணை

அளவெட்டியின் செம்மண் தோட்டங்களில், விடிய முன்னமே தண்ணி மாறப் போகிறவருக்கு முன்னால் ஓர் ஊர்நாய் ஓடும். வரம்பில் நின்று, வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கும்.

தினமும் நடப்பவர், ஓடுபவர், சைக்கிள் மிதிப்பவர் நாய் வளர்க்க நினைத்தால் முதலில் அதன் மூஞ்சியைப் பாருங்கள். நாய் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கை நீட்டி இளைத்துத்தான். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அது கடினம்; வெயிலில் ஓடவைத்தால் உயிருக்கே ஆபத்து. அடர்மயிர் ஹஸ்கி பனிநாட்டுக்கு உரியது. தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை குறுமயிரும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டைநாய். ஓட்டம் அதன் இரத்தத்தில் உண்டு. கட்டியே வைத்தால் வாடிவிடும்.

நம் ஊர்நாயோ இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. வீதியோரக் குட்டி ஒன்றை எடுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். ஏறத்தாழ ஒரு வயதில் எலும்பு முற்றிய பிறகே நீண்ட ஓட்டம் பழக்குங்கள்.

வெயில் ஏறிவிட்டால் தார் வீதியில் உங்கள் புறங்கையைச் சற்று வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சுட்டால், நாயின் பாதத்துக்கும் சுடும். கூட ஓடி வரும் அந்த வாயில்லாச் சீவனுக்காக, விடியலிலேயே புறப்படுங்கள்.