மலாய்க் கல்யாணமும் மாப்பிள்ளையின் கடனும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் மலேசியாவின் மலாய்க் கிராமங்களில் வரிசையாகக் கல்யாணப் பந்தல்கள் எழும். கொம்பாங் மேளம் முழங்க மாப்பிள்ளை ஊர்வலமாக வருவார். நெய்ச்சோறும் ரெண்டாங் இறைச்சியும் மணக்கும். அக்கம்பக்கத்துத் தமிழரும் சீனரும் அழைப்பை ஏற்று உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தலுக்குப் பின்னால் ஓர் இளைஞர் எத்தனை மாதம் சேமித்தார், எவ்வளவு கடன் வாங்கினார் என்பதை இன்று பேசுவோம்.

கல்யாணத்துக்கு இஸ்லாமிய மார்க்கம் கேட்பது மிகக் கொஞ்சம். மணமகன், மணமகள், பெண்ணின் வலீ என்னும் பொறுப்பாளர், இரண்டு சாட்சிகள், ஈஜாப்–கபூல் என்னும் ஒப்புதல் மொழி. இவற்றோடு மணமகன் பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர். மலாய்க்காரர்கள் மாஸ் காவின் என்று சொல்லும் அந்த மஹருக்கு மாநிலங்கள் குறித்த தொகையும் சிறியதுதான். ஜொகூரில் நீண்ட காலம் அது 22 ரிங்கிட் 50 சென். சிலாங்கூரில் 300 ரிங்கிட்.

கனப்பது வாங் ஹந்தாரான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் இது. மார்க்கம் இதைக் கடமையாக்கவில்லை, வழக்கம் ஆக்கிவிட்டது. பெண் பட்டதாரி என்றால் தொகை ஏறும். 15,000 ரிங்கிட் என்று பேசி முடித்தால் இன்று யாரும் வியப்பதில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை வாங்குகிறவர் ஒரு சென்கூடச் செலவழிக்காமல் ஏறக்குறைய ஒன்பது மாதம் சேர்த்தால்தான் அந்தத் தொகை கைக்கு வரும்.

பெண் வீட்டாரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பணம் பெரும்பாலும் விருந்துக்கே போகிறது. ஆயிரம் பேரை அழைத்து, தலைக்கு 15 ரிங்கிட் என்று வைத்தாலும் சாப்பாட்டுக்கே 15,000 ஆகிவிடுகிறது. மணமேடை, உடை, ஒப்பனை, புகைப்படம் எல்லாம் தனி. பிறகு மாப்பிள்ளை வீட்டில் இன்னொரு விருந்து.

முன்பு இந்தச் சுமையை ஊரே சுமந்தது. ரேவாங் என்ற வழக்கப்படி, முதல் நாளே அண்டை வீட்டார் கூடிவிடுவார்கள். ஆண்கள் மாடு அறுத்துப் பெரிய அண்டாக்களில் சமைப்பார்கள். பெண்கள் வெங்காயம் உரிப்பார்கள், விருந்தினருக்குக் கொடுக்கும் புங்கா தெலூர் என்னும் முட்டைப் பூக்களைக் கட்டுவார்கள். உழைப்பு இலவசம், நாளை அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதைத் திருப்பிச் செய்தால் போதும். அடுக்குமாடி வாழ்க்கையில் அந்தக் கைகள் குறைந்துவிட்டன. அழைக்கப்படுவோரின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஊர் செய்த வேலைக்கெல்லாம் இப்போது ஒரு குடும்பம் பணம் கட்டுகிறது. பணம் இல்லாதவர் வங்கிக் கடனை நாடுகிறார்.

2020இல் கொரோனா பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பல ஜோடிகள் நெருங்கிய உறவினர் சிலர் முன்னிலையில் நிக்காஹ் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணங்களில் எந்தக் குறையும் இல்லை. அன்று முடிந்தது இன்றும் முடியும். இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே விருந்து வைக்கலாம். நிக்காஹை இப்போது முடித்து, விருந்தை வசதி வரும்போது வைக்கலாம்.

ஹந்தாரான் பேசும் நாளிலேயே பெரியவர்கள் ஒரு கணக்குப் போடட்டும்: கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் கையில் என்ன மிஞ்சும்? கணக்கு உதைத்தால் தொகையைக் குறையுங்கள். அதில் எந்த வீட்டுக்கும் மானக்குறைவு இல்லை.