ஓவியம் தேடி ஒரு நடை: தென்காசி முதல் சித்திர சபை வரை

பிரான்ஸ்ல லே ஆவ்ர்னு ஒரு துறைமுக ஊர். 1872-ல குளோத் மோனே அங்கே பனிமூட்டத்துக்குள்ள சூரியன் உதிக்கிறதை வரைஞ்சார். இம்ப்ரெஷனிசம்ங்கிற பேரே அந்தப் படத்தோட தலைப்புல இருந்து வந்ததுதான். அவர் வரைந்த இடங்களைத் தேடி இன்னைக்கும் அந்தக் கடற்கரையில ஆட்கள் நடக்கிறாங்க.

நம்ம பக்கம் அப்படி நடக்க எங்கே போகலாம்? கடல் வேண்டாம், அருவிக்குப் போவோம். தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். சாரல் சீசன்ல, அதிகாலையில கிளம்புங்க.

ஆரம்பம், தென்காசி காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டினது. கோபுர வாசல் காற்றுக்காகவே கொஞ்ச நேரம் நிற்கலாம். இந்தக் கோயில் பிற்காலத்துல பழுதானா, அதைச் சரிசெய்றவங்க காலில் விழுறேன்னு அந்த ராஜா கல்வெட்டுல பாட்டாவே சொல்லியிருக்கார். இதை மனசுல வெச்சுக்கிட்டு நடங்க.

வழியில மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரோட ஊர். அதுல குறத்தி தன் மலையோட வளத்தைச் சொல்ற பகுதியைப் படிச்சிட்டு வாங்க. அருவி, குரங்கு, மேகம் எல்லாம் அவர் கண்முன்னால இருந்தது. எதிர்ல தெரியிற அதே மலைதான்.

அப்புறம் பேரருவி. பக்கத்துலயே சங்கு வடிவக் குற்றாலநாதர் கோயில், தலமரம் குறும்பலா. அருவியைப் பார்த்துட்டு மட்டும் நகருங்க, குளிக்காதீங்க. காரணம் இருக்கு.

கொஞ்ச தூரத்துல தனியா நிற்குது சித்திர சபை. நடராசரோட ஐந்து சபைகள்ல இது ஒண்ணு. சிதம்பரத்துல பொன், மதுரையில வெள்ளி, இங்கே சித்திரம். ஆடுற சாமியே சுவரோவியம்தான்! சுற்றிலும் புராணக் காட்சிகள்.

சுவரோவியத்துக்குப் பெரிய எதிரி ஈரம். குற்றாலத்துக்கு அந்த ஈரம்தான் அழகே. மழையை நம்மால நிறுத்த முடியாது. ஆனா, சொட்டச் சொட்ட நனைஞ்ச உடம்போட உள்ளே போகாம இருக்க முடியும். சுவரைத் தொடாம, சாயாம, ஃபிளாஷ் போடாம பார்க்க முடியும். பாண்டியன் கேட்டதுல நம்ம பங்கு அவ்வளவுதான்.

மதியம் நடை சாத்துறதுக்கு முன்னால போயிடுங்க. முதல்ல சித்திரம், அப்புறம் குளியல். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!