மருந்தும் குழந்தையின் குடலும்



பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை முதலாய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தாய்மாரை முன்னிறுத்தியே இன்று பேச விழைகின்றேன். பேசும் பொருள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அவை காக்கவும் வல்லன, கெடுக்கவும் வல்லன. உடற்கட்டு வாய்ந்த பிள்ளை அக்கேட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால், குறைமாதத்திற் பிறந்த குழந்தைக்கும், ஊட்டம் குன்றிய குழந்தைக்கும், குருதி நோயோ இதய நோயோ உடைய குழந்தைக்கும் வேண்டிய மருந்து கிடையாமற் போவதும் ஆபத்து. வேண்டாத மருந்து கிடைப்பதும் ஆபத்து. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி யாது என்பதே நம் வினா.

இத்தகைய நலிந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் ஒருவர் இருவர் அல்லர். 2016ஆம் ஆண்டு நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்; தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 பேர். ஆதலின், இஃது எங்கோ பிறர் வீட்டில் நிகழும் செய்தியன்று.

கிருமி என்றவுடன் நோயையே நினைப்பது நம் வழக்கம். ஆயினும், நம் குடலில் வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்களுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வன அல்ல. அவற்றுட் பல உணவின் செரியாத பகுதியைப் பதப்படுத்துகின்றன, குடற்சுவரைப் பேணுகின்றன, தீய கிருமி வந்து குடியேற இடங்கொடாமல் தடுக்கின்றன. 1900ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்த ஆன்றி திசியே என்பார், தாய்ப்பால் அருந்தும் சிசுக்களின் குடலில் பிபிடோபற்றீரியா என்னும் நல்லுயிர் நிறைந்திருப்பதைக் கண்டார். தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் சிசுவாற் செரிக்க இயலாது. அவை இந்நல்லுயிர்களுக்கே உணவாகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தாய், தன் பிள்ளைக்கு மட்டுமன்றி, அப்பிள்ளையைக் காக்கும் காவலர்க்கும் சேர்த்தே சோறிடுகின்றாள் எனலாம்.

நுண்ணுயிர்க்கொல்லி குடலுட் புகும்போது பகைவன் இவன், காவலன் இவன் என்று பிரித்தறிய மாட்டாது. மலைச்சரிவிலே களையோடு சேர்த்து மண்ணைப் பிடித்துநிற்கும் பசும்பூண்டு அனைத்தையும் செதுக்கி எறிந்தால், அடுத்த மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படும் அல்லவா? குடலிலும் அவ்வாறே நிகழ்கின்றது. மருந்துண்ட பிள்ளைக்கு வயிற்றோட்டம் உண்டாவதற்கு இதுவே ஒரு முக்கிய காரணம். குலைந்த கூட்டம் பழைய நிலையை அடையச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம்.

ஆகவே முதல் விதி, வேண்டாத இடத்தில் இம்மருந்தை வேண்டாமை. சாதாரணத் தடிமனும் சளிக்காய்ச்சலும் வைரசால் வருவன. நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தொடவும் செய்யாது. பிள்ளைகளின் வயிற்றோட்டத்திலும் பெரும்பான்மைக்கு இம்மருந்து தேவையில்லை. சீவனி போன்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும், வைத்தியர் தரும் துத்தநாக மருந்தும், இடைவிடாத தாய்ப்பாலும் உணவுமே அதற்குரிய சிகிச்சை. மலத்தில் இரத்தங் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

இதனைக் கேட்டு, "நுண்ணுயிர்க்கொல்லியே நஞ்சு; கொடுக்கவே கூடாது" என்று எவரேனும் முடிவு செய்வாராயின், அது முன்னதினும் பெருந்தவறாகும். இருமும் பிள்ளை அமைதியாக இருக்கையில் அதன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவில் 60க்கும், ஒரு வயதிற்குட்பட்டதில் 50க்கும், ஐந்து வயது வரையுள்ள பிள்ளையில் 40க்கும் குறையாதிருப்பின், அல்லது மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், அது நியூமோனியாவாக இருக்கலாம். அங்கே மருந்துதான் உயிர். நாளை பெயர் போட்ட பின் பார்ப்போம் என்று தள்ளிவைக்கத் தக்கதன்று.

இலங்கையில் தலசீமியா என்னும் குருதி நோய் காணப்படும் மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று. அந்நோயால் மண்ணீரல் அகற்றப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் நாள்தோறும் பெனிசிலின் கொடுக்கச் சொல்வதுண்டு. வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி ஏற்றப்படுகின்றது. இவர்களுக்கு அது நோய் வருமுன் கட்டிய வேலி. குடலின் நலங்கருதி அதனை நிறுத்துதல் கூடாது. மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

மருந்து தேவைப்பட்டு முடிந்தபின் நல்லுயிர்களை மீட்பது எவ்வாறு? இக்காலத்தில் நல்லுயிர்களையே தூளாகவும் குளிசையாகவும் விற்கின்றனர். அவற்றுட் சில வகை, மருந்தினால் வரும் வயிற்றோட்டத்தைப் பிள்ளைகளிடத்துக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட சிசுக்களைக்கொண்டு நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், நல்லுயிரும் அதற்குரிய உணவும் பெற்ற சிசுக்களிடையே கடுங்கிருமித் தொற்றும் மரணமும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அச்சிசுக்கள் 2,000 கிராமுக்குக் குறையாத எடையுடன் பிறந்து தாய்ப்பால் அருந்தியவை. மிகக் குறைமாதச் சிசுக்களிலும், நோயெதிர்ப்பு ஆற்றல் அற்ற பிள்ளைகளிலும், இத்தூளில் உள்ள உயிரே குருதியிற் கலந்து நோயாக மாறியதுண்டு. குறைமாதச் சிசுக்கள் குறித்து 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் எச்சரிக்கையே விடுத்தது. வலியவனுக்கு நண்பனாய் இருப்பது மெலியவனுக்கு அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நலிந்த குழந்தைக்கு இவற்றை வைத்தியரைக் கேளாமல் வாங்கிக் கொடாதீர்கள்.

எல்லோர்க்கும் எட்டிய வழி உணவே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். பின்னரும் இரண்டு வயதும் அதற்கு மேலும் அதனைத் தொடரலாம். இணையுணவு தொடங்கிய பிள்ளைக்குப் பருப்பு, கடலை, கீரை, வாழை முதலியன குடலின் நல்லுயிர்களையும் வளர்க்கும். வங்கதேசத்து டாக்கா நகரில், கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் ஆகியவற்றாற் சமைத்த உணவை ஊட்டங்குன்றிய பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தபோது, வழக்கமான ஊட்டவுணவு பெற்றோரிலும் அவர்கள் நன்கு எடை கூடினர் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நம் கடையிலும் கொல்லையிலும் கிடைக்கும் பொருள்கள்தாமே இவை! சுத்தமாக உறைந்த தயிரும் நன்றே. எனினும், நோயெதிர்ப்பு மிகக் குன்றிய பிள்ளையாயின் தயிருக்கும் வைத்தியர் சொற் கேட்டல் நன்று. தேநீரும் ரொட்டியும் மட்டுமே தின்று பசியாறும் பிள்ளையின் குடலுக்கு எக்குளிசையும் ஈடுசெய்யாது.

முடிவாக, நடைமுறைக்குரிய சில. கொழுந்தெடுக்கக் காலையிலே மலைக்குச் செல்லும் தாய், பகல்வேளை மருந்தைத் தவறவிட நேர்கின்றது. அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாளைக்கு இருவேளை கொடுக்கும் முறை இருப்பின் அவர் தருவார். இல்லையேல் பிள்ளைக் காம்பிராவில் உள்ளவரிடம் அளவும் நேரமும் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். குறித்த நாள்வரை கொடுங்கள். மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்துவைக்க வேண்டாம். பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசுச் சொற்பொழிவிலேயே, அளவு குறைந்த மருந்து கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும் என்று எச்சரித்தார். ஊவாவின் பிபிலை என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரிற் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலை, மருந்தை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என்று இந்நாட்டிலே போராடினார். நீங்களும் அப்பொதுப்பெயரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். பிள்ளை முன்பு எதனை உண்டது என்பது பதுளை மருத்துவமனையில் அதனை ஏற்கும் வைத்தியருக்கு அப்போதுதான் விளங்கும்.

"இம்மருந்து என் பிள்ளைக்கு ஏன் வேண்டும்? எத்தனை நாள் வேண்டும்?" இவ்விரு வினாக்களையும் கேட்பது தாயின் உரிமை. தயங்காது கேளுங்கள்.