பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?



மனநோயாளிக்குப் பெருந்துணை மருந்தே என்று எதிரணி அம்மா முழங்கிவிட்டுப் போனார்கள். மருந்து வேண்டாம்னு நான் சொல்லலீங்க. அதை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிற கை யாருடையது? குடும்பத்தின் கை!

சர்க்கரைக்கு மாத்திரைன்னா கல்யாணப் பந்தியிலேயே எடுத்துப் போடுறோம். மனசுக்கு மாத்திரைன்னா பீரோவுக்குள்ள ஒளிச்சு வைக்கிறோம்! (சிரிப்பு)

அந்த வெட்கம் எங்கே கொண்டுபோய் விட்டது? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. கொண்டுவந்து விட்ட உறவுகளெல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? இல்லீங்க. என்ன நோய், யாரிடம் போவது என்று சொல்ல ஆளில்லாமல் களைத்துப்போனவர்கள் எத்தனை பேர்!

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. நல்லது. ஆனால் சட்டமா ராத்திரி கண்விழிக்கும்? 14416-க்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

அடுத்த வீட்டில் அப்படி ஒரு தாய் இருந்தால், "பையன் எப்படியிருக்கான்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா? ஒரு மணி நேரம் நான் இருக்கேன், கண்ணசருங்க" என்று சொல்லுங்கள். குடும்பம் நின்றால்தான் நோயாளி எழுந்து நிற்பார்!

(கைதட்டல்)