முதல் கோனை எங்கே வைப்பது?

மாலை நேரம். உங்களில் பலர் இதை வண்டிக்குள் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில், பத்து தீகா பக்கம் ஜாமில் ஊர்ந்துகொண்டிருப்பவர்களும் இருப்பீர்கள். முன்னால் போகும் வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள். பேச்சை ஆரம்பிக்கலாம்.

நான் நெடுஞ்சாலையில் ரோண்டா, அதாவது ரோந்து வேலை பார்த்தவன். 2003-இல் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் சாலையில் வைக்கிற எச்சரிக்கைக் கோன் ஒன்றை என் கையில் கொடுத்து, “தம்பி, இதை எங்கே வைப்பே?” என்று கேட்டார். எக்சிடன் ஆன காருக்கு ஒட்டினாற்போல வைத்தேன். “அங்கே வச்சா அந்தக் காருக்குத்தான் தெரியும். வர்றவனுக்குத் தெரியவேணாமா?” என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

கணக்கைப் பாருங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 30 மீட்டர் கடந்துவிடும். கைப்பேசியை 3 வினாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தால் 90 மீட்டர் போயிருக்கும். பந்துத் திடல் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்த மாதிரி. அதனால் முதல் கோன் அடிபட்ட காருக்கு வெகு தூரம் முன்பே நிற்க வேண்டும். வளைவு இருந்தால் வளைவுக்கும் முன்பே. அதுவும் நடுச்சாலையில் வேண்டாம். அவசரத் தடத்தின் ஓரத்தில். அடுத்தது கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் உள்ளே. கோலத்தில் இழுக்கிற சாய்கோடு மாதிரி அது மெதுவாகத் தடத்துக்குள் வரவேண்டும். ஓட்டுநர் தன்னை அறியாமலே ஸ்டீரிங்கைத் திருப்பிவிடுவார். சுவர் வைத்த மாதிரி குறுக்கே வரிசையாக வைத்தால் பிரேக் அடிப்பார். பின்னால் வருகிறவர் அவரை இடிப்பார்.

ரோண்டா வண்டியை விபத்துக்குப் பின்னால், சக்கரத்தை ஓரமாகத் திருப்பி நிறுத்துவோம். யாராவது வந்து மோதினாலும் அது எங்கள் ஆட்கள்மேல் ஏறாமல் ஓரத்துக்குப் போகும். கோன் வைப்பவன் வரும் வண்டிகளுக்கு முதுகு காட்டக்கூடாது. பக்கவாட்டில் நடப்பான், கண் மட்டும் சாலையில் இருக்கும். எடுக்கும்போது தலைகீழ். கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். முதல் கோனை முதலில் எடுப்பவன் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு நடுக்கூடத்தில் தூங்குகிறவன்.

கோனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். முதல் விபத்து எங்களுக்குத் தெரிவதற்குள் நடந்து முடிந்துவிடும். அதன்மேல் வந்து விழுகிற இரண்டாவது விபத்தைத்தான் எங்களால் தடுக்க முடியும்.

ஒருநாள் விடியற்காலை, தூறல். கிள்ளான் பக்கம் போன டேங்கர் லோரி ஒன்று சமையல் எண்ணெயைச் சிந்தியிருந்தது. லோரி நின்ற இடத்தைக் கணக்கு வைத்துக் கோன் போட்டோம். மோட்டார் ஒன்று சரிந்தது, எங்கள் முதல் கோனுக்கும் முன்னால். இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது: லோரி நின்றது இங்கே, எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது அதற்கு முன்னே. ஓட்டமாகப் பின்னுக்குப் போனோம். மரத்தூளும் மணலும் கொட்டி, கூட்டி, கழுவி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. எண்ணெய் வாடையோடு வீட்டுக்குப் போனால் மனைவி, “ரோண்டா வேலையா, பீசாங் கோரேங் கடையா?” என்று கேட்டாள். சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு பையன்களின் முழங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூடிய சாலையைச் சீக்கிரம் திறப்பது எப்போதும் முடிகிற காரியமும் இல்லை. 2003 நவம்பர் 26, ஹரிராயா விடுமுறை. புக்கிட் லாஞ்சானில் பாறைச் சரிவு என்.கே.வி.இ. நெடுஞ்சாலையை மூடியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சாலை திறக்க ஏறக்குறைய 6 மாதம் ஆனது. விழுந்த பாறையை அள்ளினால் மட்டும் போதுமா? மேலே மிச்சமிருக்கிற மலையைப் பத்திரப்படுத்தாமல் கீழே வண்டி விட முடியாது. அங்கேயும் பயம் இரண்டாவது சரிவைப் பற்றித்தான்.

  

இரண்டாவது விபத்தை வரவழைக்கிற கூட்டம் ஒன்று உண்டு, உங்களுக்கே தெரியும். எதிர்ப்பக்கச் சாலையில் தடை ஏதும் இருக்காது, ஆனாலும் ஜாம். எதற்கு? நசுங்கிய காரின் நம்பரைப் பார்க்க. லாட்டரிக்கு நாலு நம்பர் எடுக்க! நம்பர் அடிக்கிறதோ இல்லையோ, மெதுவாக்கிய வண்டியைப் பின்னால் வருகிறவர் கட்டாயம் அடிப்பார்.

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு, வயதான தம்பதி. டயர் வெடித்துக் கார் அவசரத் தடத்தில் நின்றது. மழை. “உள்ளேயே இருக்கோம் தம்பி, முறுக்கு டின் நனைஞ்சிடும்” என்றார் அம்மா. “அம்மா, முறுக்கு இருக்கட்டும், நீங்க வாங்க” என்று கைப்பிடித்து இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடையோடு நிற்கவைத்தேன். அன்று காருக்கு ஒன்றும் ஆகவில்லை. டின்னும் நனையவில்லை. போகும்போது எனக்கு ஒரு கை முறுக்கு கிடைத்தது.

நேரம் நெருங்குகிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றால் அபாய விளக்கைப் போடுங்கள். இறங்கித் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். யாருக்கும் அடியில்லாத சின்ன உரசல் என்றால் படம் எடுத்துக்கொண்டு ஓரமாகுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். அடிபட்டிருந்தால் 999. பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000. சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து எண்ணையும், எந்தப் பக்கம் போகும் தடம் என்பதையும் சொல்லுங்கள். “பெரிய மரத்துக்குப் பக்கத்தில்” என்றால் எங்களால் தேட முடியாது. யாரென்று தெரியாத இழுவை லோரிக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவசரத் தடத்தில் புகுந்து முந்தாதீர்கள். அந்த வழியாகத்தான் ஆம்புலன்ஸ் வரவேண்டும்.

இன்றைக்கு வீடு திரும்பும்போது தூரத்தில் ஒரு கோன் கண்ணில் பட்டால், வேகத்தைக் குறையுங்கள். அதை வைத்தவர் அங்கே பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். அவரும் வீட்டுக்குப் போகவேண்டும்.