உரிமச் சீட்டும் உழைப்பாளியும்

 

நம் வட்டாரத்து ஆவடியிலே 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் குறிக்கோளென்று தீர்மானித்தது. ஏழையைக் கைதூக்கிவிடும் அந்நோக்கத்தை நாம் குறைகூறோம். ஆயினும், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டிருந்த லைசென்ஸ் முறை அதன்பின் மேன்மேலும் இறுகிற்று. பெருந்தொழில் தொடங்கவும் விரிக்கவும் டில்லியின் அனுமதி வேண்டியதாயிற்று. அதனைப் பர்மிட் லைசென்ஸ் ராஜ்யமென்று கண்டித்த ராஜாஜி, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்.

‘சிறு பட்டறைக்கு அந்த லைசென்ஸ் வேண்டியதில்லையே’ என்பீர். மெய்யே. ஆனால் மோட்டார் செய்வோர் மிகச் சிலராயின், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிப்பாகம் கடைவோன் தன் சரக்கை எவரிடம் விற்பான்? 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கும், 1993-இல் கார்த் தொழிலுக்கும் லைசென்ஸ் ஒழிந்தது. 1998-இல் பூவிருந்தவல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகலாயின.

எனினும் சிறியோன் சுமை முற்றும் இறங்கிற்றில்லை. பெருங்கம்பெனி மனுக்களுக்கென்றே குமாஸ்தாக்களை வைத்துக்கொள்ளும். பட்டறைக்காரனோ கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தானே ஆபீசுக்கு நடத்தல் வேண்டும். அன்றைய வருமானத்தை எவர் தருவார்?

விதிகள் யாவும் வேண்டாவென்பது என் கருத்தன்று. 1984-இல் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரை மாய்த்ததை மறத்தலாகாது. உயிரையும் நீரையும் காக்கும் விதி உறுதியாய் நிற்கட்டும். காத்திருக்கச் செய்வதன்றி வேறு பயனில்லாத விதி நீங்கட்டும். நம் சங்கத்தார் தத்தம் தொழிலில் எவ்விதி எதற்குரியதென ஆராய்ந்து, வேண்டாதவற்றைக் குறித்துச் சர்க்காருக்கு விண்ணப்பம் செய்வாராக.