வலிக்குப் பெயர் வைப்பது யார்?



2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த ஒருநபர் ஆணையம், அவருடைய தனிப்பட்ட விரக்தியே மரணத்துக்குக் காரணம் என்றது. விடுதியிலிருந்து வெளியேற்றியது, உதவித்தொகை நின்றது, வளாகத்துத் திறந்தவெளியில் படுத்துக் கிடந்தது எதுவும் காரணமாகவில்லை. நம் வலிக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் இன்னும் பிறர் கையில் இருக்கிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம்வரை போக வேண்டும் என்கிறோம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. அண்ணல் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார் கறுப்பினப் பெண்ணான மேமி கிளார்க். அவரும் கணவர் கென்னத் கிளார்க்கும் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டின. கிளார்க் இணையர் குழந்தைகளிடம் குறை தேடவில்லை. பிரித்துவைத்த சமூகத்திடம் காரணத்தைத் தேடினார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கென்னத்தின் ஆய்வை அடிக்குறிப்பில் சுட்டியது. மேமியின் ஆய்வு நெறியாளரோ பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர். பட்டம் பெற்றும் தகுந்த வேலை அமையாத மேமி, 1946இல் கணவரோடு சேர்ந்து ஹார்லெமில் குழந்தைகளுக்கான மனநல நிலையத்தைத் தொடங்கினார்.

இங்கே வழி என்ன? முனைவர் பட்டம் மட்டும் இருந்தால் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற முடியாது. இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். முதுகலைக்குப் பின் நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிலும் இரண்டாண்டு எம்.ஃபில். நெடுங்காலம் முதன்மை வழியாக இருந்தது. 2020 கல்விக் கொள்கை எம்.ஃபிலைக் கைவிட்டபின் பாதை மாறிவருகிறது. ஆகவே சேருமுன் அந்தப் படிப்புக்குக் கழகத்தின் ஏற்பு உண்டா என்று கேளுங்கள். இது முழுநேரப் படிப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு முதல் தடை இதுதான்.

அடுத்த தடை ஆய்வுத் தலைப்பில் வரும். சாதி என்றதும் அது சமூகவியல், உளவியல் அல்ல என்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஐ எடுத்துக் காட்டுங்கள். சாதிப் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அதன் 18ஆவது பிரிவு தருகிறது. சட்டம் எழுதிய சொல்லை ஆய்வேடு ஏன் எழுதக் கூடாது?

தூக்கமில்லை என்று வரும் பெண்ணுக்கு மாத்திரையும் தேவைப்படலாம். கூடவே, ஊரில் என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்த ஒருவரும் அவளுக்கு வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்குவது நம் பொறுப்பு. படித்து முடித்தவர்கள் நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்போம். சம்பளம் வாங்குபவர்கள் விடுதிக் கட்டணத்துக்குக் கைகொடுப்போம். உதவித்தொகை தாமதமானால் எல்லோரும் சேர்ந்து கேட்போம். எந்த ஆய்வு மாணவரையும் தனியே விடமாட்டோம்.